குதிரைக் காசின் மேல் இருந்த கறை

பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவை முதல் தாளில் பதியப்பட்டுள்ளன. வயது நாற்பத்து மூன்று. பழைய நாணயங்களை ஏலம் விடும் நிறுவனத்தில் பதினெட்டு ஆண்டுகளாகக் காசுகளை எடை பார்த்துப் படம் எடுக்கும் வேலை செய்கிறேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சுயநினைவோடு சொல்கிறேன். நான் சொல்வதைச் சொன்னபடியே எழுதுமாறு எழுத்தரைக் கேட்டுக்கொண்டேன்.

இவ்வழக்கில் நான்கு நாட்களாகக் காவலில் இருப்பவர் என் தங்கையின் கணவர். எங்கள் நிறுவனத்தில் பார்சல் கட்டுபவர். எதையும் மூன்று சுற்றுப் பஞ்சு வைத்துத்தான் கட்டுவார் என்பதால் பஞ்சு என்று கூப்பிடுவோம். வேலை வாங்கிக் கொடுத்தவள் நான்தான். எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். என் கேமராவைக் கேலி செய்யாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் அவர் திருடர் இல்லை.

வழக்குக்குரிய நாணயத்தை நாங்கள் குதிரைக் காசு என்போம். தங்கம். ஒருபுறம் ஓர் அரசியின் முகம், மறுபுறம் குதிரை. இந்த வகையில் பதினோரு காசுகள்தான் மிச்சம், மற்ற பத்தும் தேய்ந்தவை. இதில் குதிரையின் பிடரி மயிரை எண்ணலாம்.

சென்ற ஆண்டு இறுதியில், பிற்பகல் இரண்டரை மணி அளவில், எடை பார்ப்பதற்காக அது என் மேசைக்கு வந்தது. எங்கள் வேலையில் காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், அதுவும் கையுறையோடு. பதினெட்டு ஆண்டுகளில் ஒரு காசைக்கூட நான் வெறும் கையால் தொட்டதில்லை. அன்றைக்கு ஏன் கையுறையைக் கழற்றினாய் என்று கேட்டால், ஆசை என்றுதான் சொல்ல வேண்டும். அரசியின் முகத்துக்குப் பக்கத்தில் உள்ள வெற்றிடத்தில் வலது கைப் பெருவிரலை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. மூன்று எண்ணும் நேரம்தான் இருக்கும். உடனே அதற்குரிய திரவத்தில் கழுவியிருக்க வேண்டும். அதற்குள் முதலாளி கதவைத் திறக்கவே, காசைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டேன்.

அதன்பின் இரண்டு மாதம் கழித்து ஏலப் புத்தகத்துக்குப் படம் எடுக்கப் பெட்டியைத் திறந்தபோது, நான் தொட்ட இடத்தில் செம்பழுப்பாக ரேகை தெரிந்தது. தங்கம் சும்மா இருந்தாலும் அதில் கலந்த செம்பு சும்மா இருக்காது. சொன்னால் வேலை போய்விடும் என்பதால் கணினியில் அந்தக் கறையை நீக்கி, சுத்தமான படத்தை அச்சுக்குக் கொடுத்தேன். முதலில் எடுத்த படத்தை அழித்துவிட்டேன். முதலாளி படத்தைத்தான் பார்த்தார், பெட்டியைத் திறக்கவில்லை.

அதன்பின் அந்தப் படத்தை வைத்தே ஏலம் முடிந்து, பெட்டி பஞ்சுவிடம் போனது. காசை வாங்கியவர் வெளியூர்க்காரர். படத்தில் இருப்பது வேறு, தனக்கு வந்திருப்பது வேறு என்று திருப்பி அனுப்பிவிட்டார். கடைசியாகப் பெட்டியைக் கையாண்டவர் பஞ்சு என்பதால், அவர் அசலை எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்டார் என்று முதலாளி புகார் கொடுத்தார். அசலை எங்கே வைத்திருக்கிறாய் என்று நான்கு நாட்களாகக் கேட்கிறார்கள். இல்லாத காசை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்.

முந்தாநாள் என் தங்கை என் வீட்டுச் சமையலறைக்கு வந்து, "அக்கா, அவரு செஞ்சிருப்பாருன்னு நீ நெனைக்கிறியா?" என்று கேட்டாள். எனக்கென்ன தெரியும் என்றேன். கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்துத் திரும்பவும் கழுவினேன். அவள் போகும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இன்று காலை பத்தேகால் மணிக்குக் காசை அடையாளம் காட்ட என்னைக் காவல் நிலையத்துக்கு வரவழைத்தார்கள். படத்தில் இருப்பது இதுவல்ல என்று சொல்லிவிட்டுப் போய்விடும் எண்ணத்தில்தான் வந்தேன். நடையில் உள்ள பெஞ்சில் பஞ்சு உட்கார்ந்திருந்தார். "வாங்கக்கா" என்றார். கேலி எதுவும் செய்யவில்லை.

அதன்பின் ஆய்வாளர் உறையிலிருந்து காசை எடுத்து, "அழுக்குதானேம்மா, தொடைச்சுட்டுத் தர்றேன், நல்லாப் பாருங்க" என்று சொல்லி, வாயால் ஊதி, கைக்குட்டையால் தேய்க்கப் போனார். தேய்த்தால் ரேகை கலைந்துவிடும். பிறகு நானே உண்மையைச் சொன்னாலும், தங்கைக்காகக் கதை அளக்கிறேன் என்பார்கள். நான் மேசையைத் தாண்டி எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "தேய்க்காதீங்க சார். அது அழுக்கில்ல, என் விரல்" என்றேன். காசு உறைக்குள் போகும்வரை கையை விடவில்லை. அதன்பின் அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மேலே கண்டவை எல்லாம் நடந்தது நடந்தபடி நான் சொன்னவை. எழுத்தர் வாசிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் கையெழுத்தே போதும், கைநாட்டு வேண்டாம் என்று எழுத்தர் சொன்னார். வேண்டும் என்று நானே மைப்பெட்டியைக் கேட்டு வாங்கி, கையெழுத்துக்குக் கீழே வலது கைப் பெருவிரலை மூன்று எண்ணும்வரை அழுத்தியிருக்கிறேன்.

(கையொப்பம்)

(வலது கைப் பெருவிரல் ரேகை)