அப்படி யாரும் இங்க இல்ல

…இல்ல, நான் தெரியாமத்தான் கேக்குறேன், இவனுங்க மூளைய எங்க அடகு வெச்சானுங்க? இத்தன வருஷமா என்ன சொன்னானுங்க? மாட்டினா பஸ்ஸுல ஏத்தி பொலிவியாவுக்கே அனுப்பிருவோம்னானுங்க. சரின்னு ஒளிஞ்சோம். இப்ப திடீர்னு பொதுமன்னிப்பாம்! வா, வெளிய வா, இங்கயே தங்கறதுக்குக் கார்டு தர்றோம். ஆனா போன பிப்ரவரி ஒண்ணாந்தேதிக்கு முன்னாடியே இந்த சாவோ பாவ்லோவுலதான் ஒளிஞ்சிருந்தேன்னு அத்தாட்சி கொண்டான்றான்! ஒளிஞ்சிருந்ததுக்கு எவன்யா ரசீது குடுப்பான்? நீயே சொல்லு.

நகரு, நகரு, வரிசையில முன்னாடி எடம் விடாத. நடுவுல பூந்துருவானுங்க.

அதுல பேரு வேற பாரு, மன்னிப்பாமே! நான் என்ன தப்பு பண்ணேன், மன்னிக்கறதுக்கு? இந்த ஊருக்காரிங்க மாட்டிக்கிட்டுத் திரியற பாவாடையில பாதி நான் தச்சது. தச்சதுக்கு என்னைய மன்னிக்கிறாங்களாம். ரொம்பப் பெரிய மனசு!

உக்காரு, அந்தத் திட்டுல உக்காரு. புள்ளைய எவ்ளோ நேரம் இடுப்புலயே வெச்சிருப்ப? நல்ல கனம். பொண்ணுதானே? …என்னது, பையனா? அட கண்றாவியே! இடுப்பு வரைக்கும் பின்னல் போட்டு வெச்சிருக்க! வயசு அஞ்சாச்சும் இருக்குமே. இன்னுமா முதல்முடி எடுக்கல? பொலிவியாவுல, எங்க ஊரு எல் ஆல்த்தோவுல, ரெண்டு வயசுக்குள்ள மத்ரீனா வந்து முதல் கொத்தை வெட்டிட்டுப் போயிருவா. ஞானத்தாய் ஒருத்தி கெடைக்காமயா போயிட்டா உனக்கு?

…இருக்காளா? இருந்துமா வரல? கூடையெல்லாம் கொண்டுபோய்க் குடுத்தியா, ரொட்டி, பழம், பீரு? வாங்கிக்கிட்டாளா? அடிப்பாவி! வாங்கித் தின்னுட்டா சம்மதம்னுதானே அர்த்தம்! அப்புறம் இன்னொருத்தியக் கேக்கவும் முடியாது, கேட்டா புள்ளைக்கு ஆகாதும்பாங்க. இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டே வராம இருக்காளே, எந்த மூதேவி அவ? இப்படிப்பட்டவளுங்களாலதான் நம்ம சனத்துக்கே கெட்ட பேரு. கைல கெடைச்சா நானே நாலு வார்த்தை கேப்பேன்.

ஏன் அப்படிப் பாக்குற? ஏதோ முன்னப்பின்ன பாத்த மாதிரி. எல்லாருக்கும் ஒரே மூஞ்சிதான் இங்க, தூக்கமில்லாத மூஞ்சி.

சரி, அந்தத் துணிய இப்படிக் காட்டு. புள்ளையச் சுத்தியிருக்கியே, அந்த வரித்துணி. நூல் தொங்குது பாரு. நறுக்கிவிடறேன். கத்திரி எப்பவும் பையிலதான் இருக்கும், தையக்காரி இல்லையா. இந்த மூலைய யாரு ஒட்டுப்போட்டது? நீயா? கோணத்தையல்! பச்சைத் துணியில ஆரஞ்சு நூலு, அதுவும் பாம்பு போன மாதிரி. என் மெஷின்ல ஒரு நிமிஷ வேலை இது. அதென்னவோ இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குக் கைத்தையலே வரமாட்டேங்குது.

எங்க விட்டேன்? ஆங், அத்தாட்சி.

நான் எப்படி இருந்தேன் தெரியுமா? அப்படி ஒரு கெட்டிக்காரியா இருந்தேன். எதுலயும் என் பேரு கெடையாது. வாடகைச் சீட்டு எங்க முதலாளி, கொரியாக்காரர் கிம் பேருல. கரன்ட் பில்லு அவரு பேருல. ஃபோனு எவனோ செத்துப்போனவன் பேருல. பல்லு வலிச்சப்பகூட ஆஸ்பத்திரிக்குப் போகல, அங்க பேரு கேப்பான்ல! பக்கத்து மெஷின்காரன் குறடால பிடுங்கினான். ஃபோட்டோன்னா ஓடிருவேன். கதவு தட்டினா, யாரா இருந்தாலும் சரி, "எதெல்வினாவா? அப்படி யாரும் இங்க இல்ல!" அவ்ளோதான். என்ட்ட இருந்து கத்துக்கோ. ஜன்னல் சாத்தி, ரேடியோவைச் சத்தமா வெச்சு, மெஷின் சத்தம் வெளிய தெரியாம… போலீஸு கண்ணுல எண்ணெய் ஊத்தித் தேடினாலும் கெடைச்சிருக்க மாட்டேன்.

கெடைக்கவும் இல்ல! அதான் இப்ப என் வயித்தெரிச்சலே. உள்ள போனா அந்த அதிகாரி கேப்பான், "எங்கம்மா இருந்த இத்தன வருஷம்?"னு. நான் என்னத்தச் சொல்ல? இந்தா, இது ஒண்ணுதான் இருக்கு, தையல் மெஷின் வாங்கின ரசீது. அதுலயும் கிம் பேருதான். கிம்மைக் கேட்டேன், ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க ஐயான்னு. உன்னைய வேலைக்கு வெச்சிருந்தேன்னு எழுதிக் குடுத்தா என்னையப் பிடிச்சு உள்ள போட்ருவான்ங்கிறாரு. அவரு என் மேல காட்டின பாசம் அவ்ளோதான்.

அந்தா போறா பாரு, ஃபோர்த்துனாத்தா! கை ஆட்டிக்கிட்டு, ராணி மாதிரி. பாக்காத, பாக்காத, இங்கிட்டுத் திரும்பு. அவளுக்குப் போன வாரமே கார்டு கெடைச்சாச்சு. இன்னிக்கு சும்மா வந்திருக்கா, தங்கச்சிக்குத் துணையா. எப்படிக் கெடைச்சுச்சுங்கிற? அவ ஊருக்கெல்லாம் மத்ரீனா. ஞானஸ்நானத்துக்கு மத்ரீனா, முதல்முடிக்கு மத்ரீனா. அது போதாதுன்னு கேக்குக்கு மத்ரீனா, பேண்டு வாத்தியத்துக்கு மத்ரீனா, மாலைக்கு மத்ரீனா! எந்தச் செலவை ஏத்துக்கிட்டாலும் அதுக்கு மத்ரீனாதான். எங்க விசேஷம்னாலும் இந்தப் பொம்பள முன்னாடி நிப்பா. அழைப்புக் கார்டுல இவ பேரு, தேதியோட. விருந்துல குடுக்கற பிளாஸ்டர் ஆட்டுக்குட்டி பொம்மையில இவ பேரு, தேதியோட. சர்ச்சுப் புஸ்தகத்துல இவ பேரு. நான் சிரிச்சேன் அப்ப. சம்பாதிக்கறதையெல்லாம் இப்படி ஊரான் புள்ளைக்குக் கொட்டுறாளே, பைத்தியமான்னு கேட்டேன், அவ காதுபடவே கேட்டேன். இப்ப ஒரு கோணி நெறைய ஆட்டுக்குட்டியத் தூக்கிட்டு வந்து அதிகாரி மேஜையில பரப்பினாளாம். போதும்மா, போதும்மான்னு சொல்லிக் கார்டு குடுத்தானாம். இதெல்லாம் ஒரு பொழப்பு!

நான் அவகிட்டயும் போய்க் கேட்டேன். ஆமா, கேட்டேன், என்ன இப்ப? பெத்த வயிறு சும்மா இருக்குமா? பாதிரியார் சொன்னாரு, "எதெல்வினா, அந்தத் தேதிக்கு முன்னாடி உன்னைய இந்த ஊருல பாத்தேன்னு ஒரே ஒரு ஆளு வந்து சொல்லட்டும், நான் கடுதாசி தர்றேன், ஆபீஸுல ஒத்துப்பாங்க"ன்னு. ஒரே ஒரு ஆளு! ஃபோர்த்துனாத்தா என்ன சொன்னா தெரியுமா? "உன்னைய நான் ஈஸ்டருக்கு அப்புறந்தானே பாத்தேன், சாமி முன்னாடி எப்படிப் பொய் சொல்றது?"ங்கிறா. உத்தமி! ஊரே அவளுக்குச் சொந்தம், எனக்காக ஒரு சின்னப் பொய் சொல்ல நாக்கு எழல.

எதுக்கு இந்தப் பாடுன்னு கேக்குறியா? நீ கேக்கல, நானே சொல்றேன். எல் ஆல்த்தோவுல எங்கக்கா வீட்டுல எம்பொண்ணு இருக்கா, நெல்வா. நடக்கப் பழகினப்ப விட்டுட்டு வந்தேன். கார்னிவல் முடிஞ்ச கையோட அவளுக்குப் பதினஞ்சு முடியுது. பெரிய கவுனு போட்டு விருந்து வெப்பாங்கள்ல, அதுக்கு நான் தச்சு முடிச்சு வெச்சிருக்கேன், ஊதாக் கலரு. அப்பா இல்லாத புள்ள, அவகூட முதல் ஆட்டம் நான்தான் ஆடணும். கார்டு இல்லாமப் போனேன்னா திரும்ப உள்ள விடமாட்டான், மெஷினு வீடு எல்லாம் போச்சு, அப்புறம் ரெண்டு பேரும் மண்ணைத்தான் திங்கணும். ஃபோன்ல சொல்றா, "நீ வரமாட்டம்மா. எனக்குத் தெரியும். நீ வருவேன்னு நான் யார்கிட்டயும் சொல்லவே இல்ல"ன்னு. அழுதாலாவது பரவால்ல. சாதாரணமா சொல்றா. எங்கக்காவைத்தான் அம்மான்னு கூப்பிடுறா, அதையும் சாதாரணமா.

…சீ, இந்தக் காத்துல கண்ணுல தூசு. கறி வெச்ச சல்தேன்யா விக்கிறவன் வர்றான், வாங்காத. அதுக்குள்ள சாறே இருக்காது. மைதாவை வித்துக் காசு பாக்கறான்.

என்னையும் மத்ரீனாவாக் கேட்டு வந்தாங்க, தெரியுமா? ஃபோர்த்துனாத்தா மட்டுந்தான் உசத்தியா? ரெண்டு வருஷம் முன்னாடி, கார்னிவல் வர்றதுக்கு முந்தி. ஒரு சின்னப் பொண்ணு, மேல் மாடியில பட்டன் வெக்கிற வேலை. "சென்யோரா, எம்பையனுக்கு முதல்முடி எடுக்கணும், எனக்கு இங்க யாருமில்ல, நீங்கதான்"ன்னு கூடையோட நிக்குது. ரொட்டி நல்ல ரொட்டி, மேல மொறுமொறுன்னு. வாழைப்பழம், ஆறு பாட்டில் பீரு. வேணாம்னு சொன்னா மனசு நோகுமேன்னு வாங்கிட்டேன். பாக்கலாம்னு சொல்லி அனுப்பிட்டேன். அதுல என்ன தப்பு? நானா கேட்டேன்? மத்ரீனான்னா சும்மாவா, புள்ளைக்குச் செய்யணும், அழைப்புக் கார்டு அடிப்பாங்க, என் பேரைப் போடுவாங்க, ஃபோட்டோ எடுப்பாங்க. மாட்டிக்கவா? அப்புறம் தேதி குறிக்க வந்துச்சு. வந்துச்சு, வந்துச்சு, தட்டிக்கிட்டே இருந்துச்சு. நம்ம மந்திரம்தான் இருக்கே, உள்ள இருந்தே சொல்லிட்டேன். இல்ல, அந்த மூதேவி கதை வேற, என் கதை வேற. உன்னோடவ திமிர்ல பண்ணியிருப்பா. நான் பயத்துல பண்ணேன். காலிக் கூடையக்கூட நான் வெச்சுக்கல தெரியுமா, வாசல்ல வெச்சுட்டேன், மேல மூடியிருந்த துணியோட. பச்சைத் துணி, மூலையில ஆரஞ்சு நூலு போட்டு யாரோ கோணலா…

…

கோணலா…

அந்தத் துணிய இன்னொருக்கா காட்டு.

…

எப்பலேர்ந்து தெரியும் உனக்கு? வரிசையில வந்து நின்னதுலேர்ந்தேவா? தெரிஞ்சுக்கிட்டா இத்தன நேரம் கல்லு மாதிரி நின்ன? வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன? நான் பாட்டுக்கு மூதேவி கீதேவின்னு… என்ன அழுத்தம்யா இந்தப் பொண்ணுக்கு!

சரி. சரி, விடு. இப்ப என்ன, முடிதானே? கத்திரி கையில இருக்கு. இங்கயே வெட்டுறேன். டேய், வா ராசா, இப்படித் திரும்பு. பாரு, எவ்ளோ சிக்கு! ஒரே ஒரு கொத்து… ஏன் புள்ளைய இழுக்கற? என்னது? ஞாயித்துக்கிழமையா? யாரு வெட்டுறா?

ஃபோர்த்துனாத்தாவா!

நான் கேக்குறேன், கூடையத் தின்னது நானு! பாதிரியார்கிட்ட கேட்டியா? அவரு பரவால்லன்னுட்டாரா? ஆமா, அவருக்கென்ன தெரியும் நம்ம வழக்கம்.

இரு, இரு. கோவப்படாத. ஒண்ணு சொல்றேன், கேளு. நீ என்னையப் பாத்திருக்க! கார்னிவலுக்கு முந்தி, ரெண்டு வருஷம் முன்னாடி, என் வாசல்ல நின்னு இந்த மூஞ்சியப் பாத்திருக்க! அட, நீதான் அந்த ஒரே ஆளு! உனக்கு அத்தாட்சி எல்லாம் சரியா இருக்குல்ல? உள்ள போயி, இல்ல, பாதிரியார்கிட்ட வந்து ஒரே ஒரு வார்த்தை. பொய்யே சொல்ல வேணாம்! "எதெல்வினாவ நான் பாத்தேன், அவ இங்க இருந்தா." அவ்ளோதான். எம்பொண்ணு ஊதாக் கவுனை உனக்குக் காட்டுறேன். உம்புள்ளைக்கு என்ன வேணும், சைக்கிளா? சொல்லு.

என்ன? சத்தமா சொல்லு, காது கேக்கல.

…

ஆமா. சொன்னேன். "அப்படி யாரும் இங்க இல்ல"ன்னு சொன்னேன். அதையே சொல்லிக் காட்டுறியா? போலீஸுன்னு நெனச்சுதான்… சரி. நீன்னு தெரியும். சாவித் தொளையில பாத்தேன். மழையில புள்ளைய இந்தத் துணியிலதான் சுத்தி வெச்சிருந்த. பாத்துட்டுத்தான் சொன்னேன். போதுமா? பல்லைப் பிடுங்கறத விட மோசமா இருக்கு உன்கிட்ட பேசறது. நீ நம்பிட்டுப் போயிட்டியாக்கும், அப்படி யாரும் இல்லன்னு!

யாரைக் கூப்பிடுறான்? நிகானோரா கிஸ்பேயா? நீயா அது? உன் பேரு அதானா? அன்னிக்குச் சொல்லியிருப்ப, நான் கேட்டுக்கல. இந்தா, போயிடாத! நிகானோரா! நிகானோரா தங்கம், ஒரு நிமிஷம்! திரும்பியாச்சும் பாரு!

…ரொட்டி நல்லா இருந்துச்சு புள்ள! அன்னிக்குச் சொல்லல! நல்ல ரொட்டி!

போயிட்டா. அந்தப் பையன் மட்டும் பின்னலை ஆட்டிக்கிட்டுத் திரும்பிப் பாக்குறான்.

என்ன எல்லாரும் வேடிக்கை? உங்க வேலையப் பாருங்க. கத்திரி என் கத்திரி, கையில வெச்சிருப்பேன், உனக்கென்ன?

…இப்ப யாரு பேரைக் கத்துறான் அந்த வாசக்காரன்? எதெல்வினா சோக்கே? எதெல்வினா சோக்கேங்கறானா? பழக்கதோஷம், பேரைக் கேட்டதும் குனிஞ்சுட்டேனே… காலையில பேரு குடுத்தப்பவும் இப்படித்தான்…

இரு, மறுபடி கத்துறான். "எதெல்வினா சோக்கே! அப்படி யாரும் இங்க இல்லையா?"ங்கிறான். அடுத்த பேருக்குப் போயிருவான்.

இருக்கேன்! இருக்கேன்யா! அந்தப் பேரை அடிச்சிராத! எதெல்வினா நான்தான், இங்கதான் இருக்கேன்! ஏய், பின்னாடி நிக்கிறவங்களே, யாராச்சும் அவன்கிட்ட சொல்லுங்களேன்… நான் இருக்கேன்னு சொல்லுங்களேன்!