வாசல் விளக்கு

எங்கள் வீட்டு வாசல் விளக்கு மிகச் சாதாரணமானது, ஐயா. சுவிட்சைக் கொஞ்சம் தட்டிக்கொடுத்தால்தான் எரியும்.

ஆமைகள் கரையேறும் மாதங்களில் அதை நான் போட்டதே கிடையாது. குஞ்சுகளுக்குக் கடல் தெரியாது, வெளிச்சம்தான் தெரியும். எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். அதனால் கரையோர வீடுகளின் கதவைத் தட்டி விளக்கை அணைக்கச் சொல்வது ஆமைக் காவலனான என் வேலை. எனக்கு 'அணைச்சுடு மாமா' என்றே பெயர். என் மனைவிகூட, "இருட்டுல யாருக்குச் சாப்பாடு போடறேன்னே தெரியல, பேரைச் சொல்லிட்டு உட்காருங்க" என்பாள்.

காவலுக்குக் கரை இரண்டு பங்கு. ஓடைக்கு அந்தப் பக்கம் என்னுடையது. இந்தப் பக்கம், என் வீட்டுக்கு எதிரே, மச்சினனுடையது.

வருகிற ஆமைகளே வருடத்துக்கு வருடம் குறைந்துவிட்டன. அவற்றில் ஒருத்தி மகராசி. முன்துடுப்பில் ஒரு துண்டு இருக்காது. வலையில் சிக்கிக் கிடந்தவளை நான்தான் வலையை அறுத்துக் கடலில் விட்டேன். போகும்போது திரும்பிப் பார்த்தாள். என் வீட்டில் யாரும் என்னை அப்படிப் பார்த்து வெகுகாலமாகிறது. அதன்பின் முட்டையிட என் பங்குக்குத்தான் வருவாள். தலையை ஒருமுறை ஆட்டுவாள். நானும் ஆட்டுவேன்.

இந்தமுறை மச்சினன் பங்கில் ஏறிக் குழி தோண்டிவிட்டாள்.

"மாமா, உங்க மகராசி கட்சி மாறிட்டா. எங்க மணல் மெத்தையா இருக்காம்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அவனையே கேட்டுப்பாருங்கள், நன்றாகவே சிரித்தேன்.

பிறகு ஒருநாள் அவள் குழியின் மேல் மணல் உள்வாங்கியது. அன்றிரவு குஞ்சுகள் வெளியே வரும் என்று இருவருக்கும் தெரியும். சாயங்காலம் அவன் ஓடி வந்தான்.

"பாப்பாவுக்குக் காய்ச்சல் கொதிக்குது மாமா. இன்னிக்கு மட்டும் என் பக்கத்தையும் பாத்துக்கங்க. உங்களை விட்டா யாரை நம்புவேன்?"

"போடா, நான் இருக்கேன்" என்றேன்.

இருந்தேன். வாசலில் நாற்காலியைப் போட்டு, விளக்கையும் போட்டுவிட்டு, இருந்தேன்.

மணல் அசைந்தது. முதலில் ஒன்று, பிறகு கூடையைக் கவிழ்த்ததுபோல. எல்லாம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னைப் பார்த்து வந்தன. நடுவில் ரோடு இருக்கிறது. மீன் லாரிகள் போகிற நேரம். ரோட்டைப் போட்டது நானல்ல. தாண்டி வந்தவை படியேறத் தெரியாமல் கீழேயே இருந்தன. வெயில் ஏறியபின்னும் இருந்தன. அசையவில்லை. பெருக்க வந்த என் மனைவி துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டுத் தம்பி வீட்டுக்குப் போனவள்தான். அவளும் கட்சி மாறிவிட்டாள்.

நடுவிலாவது ஏன் அணைக்கவில்லை என்கிறீர்கள். அம்மாவைக் காப்பாற்றியதற்குப் பிள்ளைகள் நன்றி சொல்ல வருகின்றன. வருகிற நேரத்தில் விளக்கை அணைப்பது மரியாதையா?

ஆமாம், போட்டது நான்தான். தெரிந்துதான் போட்டேன். எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று உங்கள் ஆட்கள் அதை அணைத்துவிட்டார்களாமே. அதைமட்டும் திரும்பப் போடச் சொல்லுங்கள், ஐயா. மகராசி மன்னிப்புக் கேட்க வந்தால் அவளுக்கு என் வீடு எப்படித் தெரியும்?