மூன்றாம் ஆலைக்குப் போகாத தாள்

ஒரு கோப்புக்கு ஒழுங்காகப் பெயர் வைக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. எங்கள் நிறுவனத்தில் ஒருவர்கூட இல்லை. 'கடைசி' என்று ஒன்று இருக்கும். அதற்குக் கீழே 'கடைசி புதுசு'. அதற்கும் கீழே 'இதுதான் கடைசி, வேறு எதையும் திறக்காதே'. மூன்றையும் திறந்து பார்த்தால் முதலாவதுதான் சரியாக இருக்கும். உங்கள் விசாரணை அறிக்கைக்கு நீங்களும் 'அறிக்கை புதுசு' என்றுதான் பெயர் வைத்திருக்கிறீர்கள். பார்த்தேன்.

அதன் நான்காம் பக்கத்தில், நடந்ததற்குக் காரணம் ஆவணப் பிரிவுப் பொறுப்பாளரின் மறதி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பொறுப்பாளர் நான். மறதி என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

தலைமை அலுவலகம் ஓர் ஊரில், மூன்று ஆலைகள் மூன்று ஊர்களில். ஆளுக்கொரு கணினி, ஆளுக்கொரு அலமாரி. எல்லா ஆவணங்களையும் ஒரே இடத்தில் வைத்து, நான்கு ஊர்க்காரர்களும் ஒரே பிரதியைப் பார்க்கும்படி ஒரு திட்டம் தயாரித்தேன். யார் படிக்கலாம், யார் திருத்தலாம், பழைய பிரதியை எப்போது நீக்குவது, எல்லாம் அதில் இருந்தது. எட்டு மாத உழைப்பு. இயக்குநர்கள் கூட்டத்தில் இருபது நிமிடம் பேசினேன். ஒருவர் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் ஆலையின் பராமரிப்பு மேற்பார்வையாளரும் வந்திருந்தார். அவரை எல்லோரும் அலமாரி அண்ணன் என்பார்கள். செயல்முறைத் தாள்கள் இருக்கும் இரும்பு அலமாரியின் சாவி எப்போதும் அவர் இடுப்பில் தொங்கும். திட்டம் நல்லதுதான், ஆனால் ஆலையில் இணையம் பாதி நாள் வேலை செய்வதில்லை என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“தம்பி, உங்க மெஷின் படுத்துக்கிட்டா நீங்க ஓடி வரணும். என் அலமாரிக்கு ஒரு சாவி போதும்.”

அறையே சிரித்தது. இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்றார் பிஸ்கட்காரர். திட்டம் கிடப்பில் போடப்பட்டது. அந்த மூளைகள் அப்படித்தான். புள்ளிவிவரத்தைக் காட்டினால் கொட்டாவி விடும். ஏதாவது நடந்தால்தான் எழுந்து உட்காரும்.

அடுத்த மாதம், தொட்டி கழுவும் செயல்முறைத் தாள் திருத்தப்பட்டது. கலவைத் தொட்டிகளுக்குப் பின்பக்கமாகப் புதிய வாயுக் குழாய் இணைத்திருந்தார்கள். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. உள்ளே இருப்பவனுக்கு மூச்சுவிடக் காற்று இல்லாமல் செய்துவிடும். ஆள் இறங்கும் முன் அந்தக் குழாயின் பின்வால்வையும் மூட வேண்டும் என்பதுதான் திருத்தம். ஒரே வரி. ஆலைகளுக்கு அனுப்புவது என் வேலை. முதல் ஆலைக்கும் இரண்டாம் ஆலைக்கும் அன்றே அனுப்பினேன். மூன்றாம் ஆலையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

யாரும் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. ஒருவன் மயங்குவான், வெளியே இழுத்துப் போடுவார்கள், விசாரணை வரும், பழைய தாள் பிடிபடும். அவ்வளவுதான் என் கணக்கு. கழுவ இறங்கியவன் ஒப்பந்தத் தொழிலாளி, நாற்பது வயதுக்காரன்; பெயரைத் தெரிந்துகொள்ளும் தேவை எனக்கு வரவில்லை. நினைத்தபடி மயங்கினான். அவனைத் தூக்க அலமாரி அண்ணன் தானே குதிப்பார் என்று யார் கண்டார்கள்? ஐம்பத்தாறு வயது, பெருத்த உடம்பு, முகமூடிகூட இல்லை. அப்படி இறங்கக் கூடாது என்று பழைய தாளிலேயே இருக்கிறது. இரண்டு பேரையும் பிணமாகத்தான் எடுத்தார்கள்.

ஒன்பதாம் நாள் என் திட்டத்துக்கு ஒப்புதல் வந்தது.

மூன்றாம் ஆலையின் அலமாரியைக் காலி செய்ய நானே போனேன். அவருடைய கண்ணாடியையும் சாப்பாட்டு டப்பாவையும் வாங்கிக்கொள்ள அவர் மனைவி வந்திருந்தார். அடுக்கிவைத்த கோப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இவ்வளவு ஒழுங்கா வெச்சிருந்தாரே. எங்கங்க தப்பாச்சு?”

“பழைய தாளை வெச்சிருந்தாரும்மா.”

அவர் மெல்லத் தலையாட்டினார். “வீட்லயும் அப்படித்தாங்க. எதையும் தூக்கிப் போட மனசு வராது.”

உங்களுக்குத் தெரியாதது ஒன்று மிச்சம் இருக்கிறது. தொட்டியைத் திறந்த அன்று காலை அவர் எனக்கு போன் செய்தார்.

“தம்பி, இன்னிக்கு தொட்டி கழுவறோம். தாள்ல மாத்தம் ஏதாச்சும் உண்டா? அன்னிக்கு சும்மா கிண்டல் பண்ணிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்.”

திருத்திய தாள் என் திரையில் திறந்திருந்தது.

“ஒண்ணும் இல்லண்ணே. உங்ககிட்ட இருக்கறதே சரி.”

நன்றி சொல்லிவிட்டு வைத்தார். ஒரு தாள் சரியா என்று அறிய இன்னொரு மனிதனை நம்ப வேண்டியிருக்கிறது, பாருங்கள். அந்த நிலைமையை மாற்றத்தான் இவ்வளவும் செய்தேன்.