செத்துப்போனவருக்கு எதுக்கு ஓடிபி?

ஓய்வூதியர் சங்கத்தின் ஓயாத தலைவர் அவர்களே! பணியிலிருந்து ஓய்ந்தும் பஞ்சாயத்திலிருந்து ஓயாத பெரியோர்களே! பணம் எங்கே போனது என்று மட்டும் கேட்கப்பட்டு, எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் சொல்லப்படாத தாய்மார்களே! மின்விசிறிக்கு நேர்கீழே முன்கூட்டியே இடம்பிடித்த மதியூகிகளே! அனைவருக்கும் வணக்கம்.

‘முதுமைக்குச் சேமிப்பும் மோசடியிலிருந்து பாதுகாப்பும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். பதினேழு வயதில் எனக்கு ஏது சேமிப்பு? ஆனால் ஏமாற்றுவதில் ஓரளவு அனுபவம் உண்டு. அதை நம்பித்தான் அழைத்திருப்பீர்கள்.

முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, இவள் எப்போது இறங்குவாள் என்று காத்திருப்பவர் என் பெரியப்பா. முப்பத்திரண்டு ஆண்டுகள் பென்ஷன் அலுவலகத்தின் மூன்றாம் கவுண்டரை முடியாட்சியாக ஆண்டவர்! கம்பிவலைக்கு அந்தப்புறம் மூச்சு வாங்க நிற்கும் முதியவரைப் பார்த்துக் கேட்பார்:

“உயிரோட இருக்கீங்கன்னு சர்டிபிகேட் எங்க?”

“ஐயா, நான்தான் முன்னாடி நிக்கிறேனே!”

“நிக்கிறது வேற, இருக்கிறது வேற. பேப்பர்ல இருக்கணும். அடுத்த ஆள் வாங்க!”

இவரை ஏமாற்ற முடியுமா? நான் முயன்றேன். போன் போட்டு, மூக்கைப் பிடித்துக் குரலை மாற்றி, “வணக்கம் ஐயா, பென்ஷன் ஆபீஸ்லருந்து பேசுறோம், நல்லா இருக்கீங்களா?” என்றேன். பெரியப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “எந்த ஆபீஸ்டி நல்லா இருக்கீங்களான்னு கேக்குது? போய்ப் படி, குட்டிச்சாத்தான்!” என்று வைத்துவிட்டார். மரியாதை என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது!

சிரிக்காதீர்கள். இரண்டே வாரத்தில் உண்மையான திருடன் ஒருவன் அழைத்தான். அவன் அனுபவசாலி.

“யோவ், பைல்ல நீ செத்துட்டேன்னு இருக்கு. அஞ்சு மணிக்குள்ள சரி பண்ணலைன்னா பென்ஷன் கட்!”

“சார், நான்தான் பேசிட்டிருக்கேனே சார்...”

“பேசினா ஆச்சா? ரெக்கார்டு என்ன சொல்லுது? கார்டு நம்பரைச் சொல்லுய்யா, பின்னாடி ஆள் நிக்குது!”

அந்த அதட்டல்! அந்த அவசரம்! அந்த அலட்சியம்! அந்தக் குரலில் பெரியப்பா யாரைக் கேட்டார்? தன்னையே கேட்டார்! அரசாங்கமே அழைத்துவிட்டது என்று நாற்காலியை விட்டு எழுந்தார். பிறந்த தேதியைச் சொன்னார். கணக்கு எண்ணைச் சொன்னார். கார்டைத் திருப்பி, பின்பக்கத்து மூன்று இலக்கத்தையும் மூச்சு விடாமல் சொன்னார். ஓய்வு பெற்றபோது வந்த மொத்தப் பணமும் அந்தக் கணக்கில்தான் இருந்தது. இருவருக்கும் இனி வரும் நாட்களுக்கான சோறும், மருந்தும், பெரியம்மாவின் முழங்கால் அறுவைச் சிகிச்சையும் அந்தத் தொகைக்குள்தான்!

இனி சொல்லப் பாக்கி இருந்தது ஆறு இலக்க ஓடிபி மட்டும். ஆனால் பெரியப்பாவின் போனில் அது வரவில்லை. பேங்க் மெசேஜ் தொல்லை தாங்கவில்லை என்று, கணக்கோடு பெரியம்மாவின் நம்பரை இணைத்து வைத்திருந்தார்! பெரியம்மா தையல் மிஷினில் பாவாடைக்கு நாடாப் பட்டி அடித்துக்கொண்டிருந்தார்.

“ஏய், உன் போன்ல நம்பர் வந்திருக்கும், சீக்கிரம் படி!”

“எதுக்காம்?”

“நான் செத்துட்டேனாம்!”

“அப்படியா? செத்துப்போனவருக்கு எதுக்கு ஓடிபி?”

“விளையாடாத, ஆபீசர் லைன்ல இருக்காரு!”

“நீங்க போயிட்டா பணம் எனக்குத்தானே வரணும்? நாளைக்கு நானே நேர்ல போய் வாங்கிக்கிறேன். அவரை வைக்கச் சொல்லுங்க.”

மிஷின் மிதிப்பதைக்கூட நிறுத்தாமல் சொன்னார், மகா ஜனங்களே! திருடன் அரை நிமிடம் திட்டினான். அந்த ஆறு இலக்கம் பெரியம்மாவின் வாயிலிருந்து வரவேயில்லை.

உடனே கார்டை முடக்கினோம். மறுநாள் மூவரும் வங்கிக்குப் போனோம். மேலாளர் கணினியைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

“பணம் பத்திரமா இருக்கு சார். ஆனா நாமினி மேடம் இல்லையே. ‘நண்பர்’னு போட்டிருக்கு.”

கல்யாணத்துக்கு முன்னால் திறந்த கணக்கு! போன் நம்பரை மூன்று முறை மாற்றினார். முகவரியை நான்கு முறை மாற்றினார். நாமினியை மாற்றவில்லை. அந்த நண்பர் யார்? அந்தக் காலத்தில் பெரியப்பாவோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தவர். இதோ, இந்த மேடையின் நடுநாற்காலியில் இருப்பவர். தலைவர் அவர்களே, தண்ணீர் குடியுங்கள்!

“எனக்கே தெரியாதும்மா” என்கிறார். நம்புகிறேன் ஐயா! என்னம்மா, பின்வரிசையில்? சத்தமாக... “அப்போ நம்ம கணக்குல யார் பேரு?” என்று தலைவரின் துணைவியார் கேட்கிறார். தலைவர் பதில் சொல்வதற்குள் நான் முடித்துக்கொள்கிறேன்.

திருடனுக்குப் பூட்டுப் போட்டீர்கள். துணைவிக்குத் திறவுகோல் கொடுத்தீர்களா? கடவுச்சொல்லை ஒளித்தீர்கள், கணக்கையே ஏன் ஒளித்தீர்கள்? அவன் ஒரு போனில் பறிக்கப் பார்த்ததை, நீங்கள் படிவத்தில் ஒரு பெயரை மாற்றாமலே பறித்துவிடப் பார்த்தீர்களே!

அன்று வங்கியிலேயே புதிய படிவம் கேட்டு வாங்கினார் பெரியப்பா. பெயர் எழுதினார். உறவு எழுதினார். பிறந்த தேதியில் பேனா நின்றது. முப்பத்தாறு வருடக் குடும்பம், தேதி தெரியவில்லை. பெரியம்மா சொன்னார், அவர் எழுதினார்.

“மேடம், உங்க தையல் கணக்குக்கும் நாமினியைப் பாத்துடலாமா?” என்றார் மேலாளர். பெரியப்பா திரும்பினார். அப்படி ஒரு கணக்கு இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும்.

“அது இருக்கு சார். ஆரம்பிச்ச அன்னைக்கே இவர் பேரைத்தான் கொடுத்தேன்” என்றார் பெரியம்மா.

முப்பத்திரண்டு வருடம் சான்றிதழ் கேட்ட மனிதர் அன்று எதுவும் கேட்கவில்லை. படிவத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பெரியம்மாவின் கைப்பையைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி. இடையில் எழுந்து மனைவிக்குப் போன் போட்ட அந்த மூவருக்கு இருமடங்கு நன்றி. வங்கி நாளை பத்து மணிக்குத் திறக்கும். நேரில் போங்கள், ஜோடியாகப் போங்கள். வணக்கம்!