தீர்ந்துபோன லயம்

கஹவத்தை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், அதே தோட்டத்தில் கொழுந்தெடுத்து, அங்கேயே லயம் எனப்படும் வரிசை வீட்டில் குடியிருக்கும் பெண் நின்றிருந்தாள்.

"ஒங்க லயம் போன வருசமே தீந்துபோச்சும்மா."

"தீந்துபோச்சா? நேத்தும் அதுலதானே நனைஞ்சிக்கிட்டுப் படுத்தோம்! கூரைக்குத் தகரம் கேட்டா இதாங்களா பதிலு?"

"வருசா வருசம் தேய்மானம்னு கழிச்சு, இப்ப கணக்குல அதோட பெறுமதி பூச்சியம்."

"கழிச்ச காசுல தகரம் வாங்கலாமே, ஐயா?"

"காசு ஏதும்மா? எழுத்துல மட்டுந்தான் கழிப்பாங்க."

முறைப்படி மிகச் சரியான விளக்கம். கணக்காய்வு வேலை பார்க்கும் நானே இதைவிடத் திருத்தமாகச் சொல்லியிருக்க முடியாது.

"அப்ப ஒண்ணுக்கும் பெறாத அந்த வீட்ட எங்க பேருக்கு எழுதிக் குடுத்துருங்க. தகரத்த நாங்களே போட்டுக்கிறோம்."

கிளாக்கர் பதறிப்போனார்.

"அதெப்படி? அது கம்பெனிச் சொத்தும்மா!"