வாஷிங் முடிஞ்சுது

— ரத்தினசாமியண்ணா, இந்தக் குழாயை மூடுனது ஆருங்க?

— நாந்தானுங்க சிஸ்டர். தண்ணி தெளிஞ்சு வந்துருச்சுங்க. நம்ம சாயப்பட்டறைல அலசுற தண்ணி தெளிஞ்சா வால்வை மூடிருவோமுங்க.

— அய்யோ சாமி! இது பனியன் இல்லீங்க, பச்சப்புள்ள வவுறு!

— தெரியாதுங்களா? என்ற மவன்தானுங்க.

— பேதியாகி அவன் கிட்னி நின்னு போச்சு. அதுனாலதான் வவுத்துக்குள்ள மருந்துத் தண்ணிய உட்டு, ஊற வெச்சு, கழிவோட வடிக்கறோம். டயாலிசிஸ்னு டாக்டர் நின்னு சொன்னாருல்லீங்க? தண்ணி தெளிவாத்தான் வரும். கலங்கி வந்தாத்தான் பயம். வடிய உடாம மூடுனா கழிவு உள்ளயே கெடக்குமுங்க.

— நாசமாப் போச்சு! தெறந்து உடுங்க சிஸ்டர், தெறந்து உடுங்க!

— தெறந்தாச்சு. இந்தா, வடியுது. மூடி எத்தன நேரமாச்சு?

— இப்பத்தானுங்க. மூடீட்டு, கீழ எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, காதர்பேட்டை பனியன் கடைக்குப் போன் போட்டு "பையனுக்கு வாஷிங் முடிஞ்சுது"ன்னு சொல்லீட்டு வந்துட்டனுங்க. அங்க கடை கடையா மிட்டாய் குடுத்துட்டு இருப்பாங்க.

— நல்லாருக்குது போங்க! கையையாச்சும் கழுவீட்டுத் தொட்டீங்களா? வெரலெல்லாம் ஒரே நீலமா இருக்குது!

— சோப்புப் போட்டுத் தேச்சுத் தேச்சுக் கழுவுனனுங்க. அது போவாதுங்க, எக்ஸ்போர்ட் கலரு.

— சிரிக்க வெக்காதீங்கண்ணா, நான் கோவமா இருக்கறேன்.

— எனக்கு மட்டும் சிரிப்புங்களா வருது? வெளிநாட்டுக்காரன் ஒரு துணித்துண்டக் காட்டுனா, எந்தக் கலரா இருந்தாலும் கொண்டாந்து நிறுத்தீருவனுங்க. இவங்கிட்ட ஒரு சொட்டு மஞ்சத்தண்ணி வர வெக்க எனக்குத் துப்பில்லீங்க. ஒண்ணுக்கே போவாம புள்ள ஊதிக் கெடக்குது. அவங்கம்மா மருதம்மா அழுதழுது இப்பத்தான் வராண்டாவுல கண்ணசந்தா.

— அழுவாதீங்கண்ணா. கிட்னி முழிச்சா அவனே போவான். அதுவரைக்கும்தான் இந்தத் தண்ணி. கொஞ்சம் நவுருங்க... அண்ணா! குழாயை இழுத்தீங்களா? மெத்தை நனைஞ்சு கெடக்குது!

— முருகன் மேல சத்தியமா இழுக்கலீங்க! மூடுனதோட சரிங்க! ஒழுகுதுங்களா? நானே கெடுத்துப்போட்டனுங்களா?

— சத்தம் போடாதீங்க. இருங்க, பாக்கறேன். கட்டு காஞ்சிருக்குது. ஜாயிண்டும் காஞ்சிருக்குது...

— அப்பறம் எங்கதானுங்க ஒழுகுது?

— போயி மருதம்மாக்காவை எழுப்புங்கண்ணா. ஒழுகறது குழாயில்லீங்க, உங்க பையன்.