புள்ளி வச்ச பாதை

இல்ல மாப்ள, மேப்பத் தர மாட்டேன்னு நான் எங்க சொன்னேன்? தாரேன். மொதல்ல உக்காரு. அப்பனப் பறிகுடுத்துட்டு வந்து நிக்கிறவன நின்ன வாக்குல அனுப்புவேனா? பேச்சுவார்த்த இல்லாட்டியும் மொறைன்னு ஒன்னு இருக்குல்ல. துக்கம் கேக்க நாந்தேன் ஒங்க வீட்டுக்கு வந்திருக்கணும். வரல. வர மனசு இல்ல, அம்புட்டுத்தேன்.

தெரியும், காலையில மைக்ல சொன்னப்பவே கேட்டுச்சு. மத்தியானத்துக்கு மேலதான எடுக்குறீக? அப்ப நேரம் கெடக்கு.

ம். தன் அய்யா பக்கத்துலயே பொதைக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்காராக்கும். ஆசைதான், தப்புச் சொல்லல. ஆனா சுடுகாடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்ல கெடக்கு. ஒங்க வயலுக்குள்ள போனா கல்பாலம், செருப்பு நனையாமப் போயிறலாம். அந்த வயலத்தேன் பிளாட்டுக்காரனுக்கு வித்துப்புட்டீக. அவன் சுத்திச் சுவரு வச்சு கேட்டப் பூட்டிட்டான். பழைய பாதைன்னு ஆதாரம் இருந்தாக் கொண்டா, பேசிப் பாக்குறேன்னு தாசில்தாரு சொல்லிட்டாரு. அதான இந்தச் சுருளி வீட்டு வாசப்படி ஏறி வந்திருக்க. சரி சரி, மூஞ்சியச் சுளிக்காத.

இந்தா, விரிக்கிறேன். அந்த ஓரத்தப் பிடி, சுருட்டிக்கிரும். வெள்ளக்காரன் காலத்துல அளந்து போட்டது இது. எம்மக சத்யப்ரியாதேன் கம்ப்யூட்டர்ல தேடிப் பிடிச்சா. எந்தத் தேசத்து லைப்ரரியோ ஸ்கேன் பண்ணி வச்சிருக்கான். தல்லாகுளத்துல ஒரு கடையில பெருசாப் பிரிண்டு போட்டோம். மொதல்ல எனக்கு ஒரு எழவும் வெளங்கல. கோடு நெருக்கமாப் போனா மேடு, விலகிப் போனா சமதரைன்னு அவ சொல்லிக் குடுத்தா. இது சமணர் மலை. இப்பிடியே எறங்கி வா. இந்தா நம்ம கண்மாய், இது கரை, இது வாய்க்கால்.

இங்க என்ன போட்டிருக்கு, வாசி. ஆங். சின்னான்பட்டி. அந்தச் சின்னான் யாரு? எங்க பூட்டன். இப்ப அந்த எடத்துல கருவேல முள்ளுதேன். மேப்பக் கையில வச்சுக்கிட்டு நானும் மகளும் முள்ளுக்குள்ள பூந்து தேடுனோம். இடிஞ்ச கெணறு, ஓட்டாஞ்சில்லு, ஒடஞ்ச ஆட்டுக்கல்லு, எல்லாம் கெடந்துச்சு. சத்யா கொஞ்ச நேரம் அந்தக் கெணத்து மேட்டுலயே உக்காந்துட்டா. வாடின்னா வரல.

சரி, இப்ப ஒங்க தெருவக் காட்டு. நல்லாத் தேடு. இல்லைல? வெறும் பொட்டல். இதுல ஒன்னும் ஒங்கள நான் கொறச்சுச் சொல்லல, எல்லாரும் எங்கயிருந்தோ வந்தவகதேன். ஆனா என் கல்யாணத்தப்ப ஒங்கப்பா சபையில எந்திரிச்சு என்ன கேட்டாரு தெரியுமா? பஞ்சம் பொழைக்க வந்த கூட்டத்துக்கா நம்ம வீட்டுப் பொண்ணக் குடுக்குறதுன்னு கேட்டாரு. அழகம்மா அவருக்கு ஒன்னுவிட்ட தங்கச்சி. ஒனக்கு அத்த. அவ என்னத்தேன் கட்டுவேன்னு நின்னா. அந்தக் கடுப்பு ஒங்கப்பாவுக்குக் கடைசி வரைக்கும் போகல.

அவ செத்தன்னைக்கு நீ வெளியூர்ல படிச்சுக்கிட்டு இருந்த. ஐப்பசி மழ. பொறந்த வீட்டுக் கோடிச் சேலைய ஒங்கப்பாதேன் கொண்டாந்து போத்துனாரு. ஊரே பாத்துச்சு. நானும், பாவி மனுசன் எறங்கி வந்துட்டாருன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். பாடைத் தேரத் தூக்கிக்கிட்டு வயலுக்குப் போனா, எங்களுக்கு முன்னாடியே போயி வரப்புல நிக்கிறாரு. இது என் பட்டா நெலம், இதுல பாதையே கெடையாது, வாய்க்கால் வழியாப் போங்கடான்னாரு. கோடி போட்ட ஈரக்கையோட மாப்ள.

எறங்குனோம். நெஞ்சு மட்டத்துக்குத் தண்ணி. தூக்குன ஒருத்தனுக்குக் கால் வழுக்கிருச்சு. அவ பாதி நனஞ்சு போயிட்டா. மால எல்லாம் தண்ணியோட போயிருச்சு. சத்யா கரையில நின்னு அம்மா நனையுதுப்பா நனையுதுப்பான்னு கத்துறா. இப்ப நெனச்சாலும் எனக்கு வயிறு எரியுது. ஆறவே இல்ல. ஆறணும்னு நான் நெனைக்கவும் இல்ல.

அப்பறந்தேன் கேஸ் போட்டோம். இந்தா இந்தக் கோடப் பாரு. ரெண்டு வரிசையாப் புள்ளி போகுதா? அது வண்டிப் பாதை. ஊருல கெளம்பி, ஒங்க வயலு வழியா, பாலம் ஏறி, நேரா சுடுகாட்டுல முடியுது. இம்புட்டுத் தெளிவாக் கெடக்கு. கோர்ட்ல காமிச்சேன். நெட்டுல எடுத்த படமெல்லாம் ஆதாரமான்னு ஒங்க வக்கீலு சிரிச்சாரு. ஒங்கப்பா கூண்டுல ஏறி, நான் பொறந்ததுல இருந்து அங்க பாதைன்னு ஒன்னு இருந்ததே இல்லைன்னு சத்தியம் பண்ணாரு. பாதை இல்லைன்னே தீர்ப்பாகிப் போச்சு. அப்பீல் பண்ணுவோம்னு வக்கீலு சொன்னாரு. நாந்தேன் வேணாம்னுட்டேன். இருக்கட்டும்யா, அவுகளுக்கும் ஒரு நாளு அந்தப் பக்கம் போக வேண்டி வரும்னேன்.

இந்தா, சுருட்டிட்டேன், கொண்டு போ. தாராளமாக் காட்டு. ஆனா பிளாட்டுக்காரன் அந்தத் தீர்ப்ப எடுத்து நீட்டுவான். நெலத்தோட சேத்து அதயும் ஒங்கப்பா அவங்கிட்டக் குடுத்திருக்காரு. அத வச்சுத்தேன் அவன் சுவரே எழுப்புனான். தாசில்தாரு அதுக்கு மேல என்ன செய்வாரு?

என்னது? கேட்டு தொறக்காட்டி வாய்க்கால்ல எறங்கிப் போயிருவீகளா? ஆமாமா, விடிய நீ பாத்தப்பக் காஞ்சுதேன் கெடந்துச்சு. கணுக்கால் கூட நனையாது. ஆனா இந்த வருசம் கண்மாய் மட பாக்குறது நான்ல. மைக்ல சேதி கேட்டதும் மொத வேலையாப் போயி மடைய முழுசாத் தொறந்து விட்டுட்டுத்தேன் வந்து உக்காந்தேன். நாம பேசிக்கிட்டு இருந்ததுல இந்நேரம் நெஞ்சு மட்டத்துக்கு வந்திருக்கும். பாத்துப் போ மாப்ள. தூக்குறதுக்கு நல்ல ஒசரமான ஆளாக் கூப்பிட்டுக்க.